அரசு வேடமிடும் வணிகம்: அமெரிக்கச் சட்டத்தின் போக்கு, 1884–2024

தனியார் நிறுவனம் ஒன்று அரசு அலுவலகம் போலத் தோன்றி மக்களிடம் பணம் பெறுவது அமெரிக்காவில் பழைய தொழில். அதைத் தடுக்கும் சட்டங்களும் நூறாண்டு கடந்தவை. ஆயினும் அவை யாவும் ஒரே கேட்டை மனத்தில் கொண்டு எழுந்தவை அல்ல. முதலில் வந்த சட்டம் அரசின் மதிப்பைக் காக்க முனைந்தது. ஏமாந்தவரின் பணம் சட்டத்தின் மையத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. இந்த மாற்றத்தை அளந்தறிய, ‘இது அரசு ஆவணம் அன்று’ என அச்சிடப்படும் பொறுப்புத் துறப்பு வரி நல்ல அளவுகோலாகிறது. அந்த வரிக்குச் சட்டம் எப்போது எவ்வளவு மதிப்பளித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசின் மாண்பு

கூட்டாட்சி அரசின் அலுவலராக நடிப்பதை 1884ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதன் உட்பொருளை விளக்கியது 1915இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு புத்தக விற்பனையாளரின் வழக்கு. குடியரசுத் தலைவர்களின் உரைகளும் ஆவணங்களும் அடங்கிய தொகுதிகளை விற்பதற்காக அரசே தன்னை அமர்த்தியிருப்பதாக அவர் கூறிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அப்படியொரு பணியிடமே அரசில் இல்லை. இல்லாத பதவியை ஏற்று நடித்தாலும் குற்றமே என்றது நீதிமன்றம். மக்களுக்கு நேரும் இழப்பைத் தடுப்பதோடு அரசுப் பணியின் நற்பெயரைக் காப்பதும் இச்சட்டத்தின் நோக்கம் என்றும் அது விளக்கியது. எனினும் இது ஆளைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டம். ‘நான் அரசு அலுவலர்’ என்று யாரும் வாய் திறந்து சொல்லாமல், பெயராலும் படிவத்தாலும் மட்டுமே அந்த எண்ணத்தை உண்டாக்கும் நிறுவனத்தை இதைக்கொண்டு பிடிப்பது அரிது.

பெறுபவரின் கண்

1914இல் தோன்றிய கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த இடைவெளியில் நுழைந்தது. ‘ஆர்மி அண்ட் நேவி டிரேடிங் கம்பெனி’ என்ற கடை விற்ற சரக்கில் பெரும்பகுதி படைத்துறையிலிருந்து வந்ததல்ல. பெயரோடு ஒரு விளக்க வரியைச் சேர்த்தால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. பெயர் சொல்வதை வரி மறுக்குமானால் குழப்பமே மிஞ்சும். பெயரையே நீக்க வேண்டும் என்று 1937இல் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

அடுத்த களம் கடன் வசூல். தலைமறைவான கடனாளியின் முகவரியையும் வேலையிடத்தையும் அறிய, அரசுப் படிவம் போன்ற தாள்களை வசூல் நிறுவனங்கள் அனுப்பின. ‘ஸ்டேட் கிரெடிட் கன்ட்ரோல் போர்டு’ என்ற பெயரே ஏமாற்று என்று ஆணையம் கொண்ட முடிவு 1968இல் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைத்தது. இவ்வழக்குகளில் அனுப்பியவர் பொய் சொன்னாரா என்பதைவிட, பெற்றவர் என்ன நினைத்திருப்பார் என்பதே கேள்வியானது. 1977இல் வந்த நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் இதைப் பொதுவிதியாக்கி, அரசுத் தொடர்பு இருப்பதாகக் காட்டுவதையும் அரசு ஆவணம் போன்ற தாளை அனுப்புவதையும் தடை செய்தது.

இருவேறு விடைகள்

அரசு அஞ்சல்போல் தோன்றி முதியோரைக் குறிவைத்த கடிதங்கள் பெருகியபோது நாடாளுமன்றம் ஒன்றுக்கொன்று முரணான இரு விடைகளைத் தந்தது. 1990ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் துறப்பை நம்பியது. உறையின் மீதும் உள்ளேயும் உரிய அறிவிப்பு இருந்தால் அத்தகைய அஞ்சலை அனுப்பலாம் என்றது. சமூகப் பாதுகாப்புத் துறையின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதை 1988 முதல் தடுத்துவந்த சட்டமோ, 1994இல் திருத்தப்பட்டபோது எதிர்வழியில் சென்றது. துறப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவறான எண்ணம் எழக்கூடுமா என்பதே அதன் சோதனை. ஒவ்வொரு கடிதமும் தனித்தனி மீறலாக எண்ணப்படும்.

இதன் வலுவை யுனைடெட் சீனியர்ஸ் அசோசியேஷன் வழக்கு காட்டியது. ‘சமூகப் பாதுகாப்பு எச்சரிக்கை’ என்னும் பொருள்பட அச்சிட்ட உறைகளை அனுப்பியதற்காக அந்த அமைப்புக்கு விதிக்கப்பட்ட 5,54,196 டாலர் அபராதத்தை 2005இல் நான்காம் சுற்று நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மற்றொரு திருத்தமும் வந்திருந்தது: அரசு இலவசமாகச் செய்யும் சேவைக்குக் கட்டணம் கேட்பவர், அது இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும்.

பணம் திரும்பும் வழி

ஆகவே, எது தவறு என்ற வரையறை 1994க்குள் பெரும்பாலும் முழுமை பெற்றுவிட்டது. தீர்வே குறைபட்டிருந்தது. 2021 ஏப்ரலில் ஏஎம்ஜி கேப்பிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அந்தக் குறையைக் கூர்மையாக்கியது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பல்லாண்டுகளாகச் சார்ந்திருந்த, அதன் சட்டத்தின் 13(பி) பிரிவின்கீழ், ஏமாந்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் ஆணையிட இயலாது என்று அது கூறியது. ஆனால் ஆணையம் வகுத்த ஒரு விதியை மீறினால், வேறு பிரிவுகளின்கீழ் அபராதமும் இழப்பீடும் கோரலாம். எனவே அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் புதிய விதிக்கான பணியைத் தொடங்கியது. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆள்மாறாட்ட விதி, அரசு அமைப்பாகப் பொய்யாகத் தோன்றுவதையும் அதனோடு தொடர்பிருப்பதாகக் காட்டுவதையும் தடுக்கிறது.

இவ்விதி புதிய குற்றம் எதையும் படைக்கவில்லை. அது தடுக்கும் செயல்கள் முன்பும் ஏமாற்றே. பழைய தவறுக்கு விலை வைத்ததே அதன் புதுமை. கல்வித் துறையின் பெயரைச் சொல்லி மாணவர் கடனைக் குறைத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு முகவரியும் வங்கிக் கணக்கும் உண்டு. அங்கே விதி பலிக்கும். கடல் கடந்து தொலைபேசியில் மிரட்டும் முகமற்ற கும்பலிடம் அபராதம் வசூலிப்பது கடினம். துறப்பு வரியின் பின்னால் ஒளிந்த வணிகனுக்காக 140 ஆண்டுகளில் வளர்ந்த இந்தச் சட்டம், பெயரும் முகவரியும் உள்ள நிறுவனத்தை மடக்கக் கற்றுக்கொண்டது. அவை இல்லாதவனை எட்ட அதற்குத் தொலைபேசி நிறுவனங்களும் வங்கிகளும் துணை நிற்க வேண்டும்.