தோட்டத்துக் கூத்தின் பாயிரம்

பால்மரம் வெட்டப் போன தமிழர்களோடு மலாயாவுக்குக் கப்பலேறிய கலைகளில் தெருக்கூத்தும் ஒன்று. சிரம்பான், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ் என நெகிரி செம்பிலான் மாநிலம் எங்கும் ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்தன. அங்கே கோயில் திருவிழா இரவில் பாரதக் கூத்து நடந்த முறை இது: மத்தளம் முழங்கி ஆடுகளமான களரி கட்டியாகும், பிள்ளையார் துதி முடியும். இருவர் துணித்திரையைப் பிடித்து நிற்க, வேஷக்காரர் அதன் பின்னால் பாடுவார். நீர் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துருவித் துருவிக் கேட்பான். இந்தக் கேள்வி பதில் சனம் சேரும்வரை பொழுதை ஓட்டும் வேலை, துரியோதனனைத் தெரியாதவர் யார் என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் இதை, நூலுக்கு முன்னுரையாக நிற்கும் பாயிரம் என்றே கருதுகிறேன்.

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்பது நன்னூல் என்னும் இலக்கண நூலின் தீர்ப்பு. ஆக்கியோன், நூற்பெயர், கேட்போர், பயன் முதலிய எட்டையும் சொல்வது சிறப்புப்பாயிரம்; காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. நூலாசிரியன் தன்னைத் தானே புகழக் கூடாது என்பதால் ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ அதைச் செய்ய வேண்டும். கூத்திலும் ராஜா தானாகத் தன் பெருமை பேசுவதில்லை. கட்டியங்காரன் கேட்டபிறகுதான் பேசுகிறார். கூத்தாடிகள் நன்னூல் படித்தார்களா என்று கேட்கலாம். படித்திருக்க வேண்டியதில்லை. முன்பின் அறியாத அவையில் நிற்பவனுக்கு ஓர் அறிமுகம் வேண்டும், ஏட்டுக்கும் களரிக்கும் இந்தத் தேவை பொது. தன் ஆற்றலை உணராதவர் நடுவே ஒருவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நன்னூலே விலக்கும் தருகிறது. தோட்டத்து அவை அப்படிப்பட்டதுதான். 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போடும்வரை, வெவ்வேறு கங்காணிகள் வெவ்வேறு ஊர்களில் திரட்டிய ஆட்கள் லயம் எனப்படும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். சொந்த ஊரில் ஆடுபவனின் பாட்டனையும் அறிந்த கூட்டம். தோட்டத்திலோ பக்கத்து வீட்டுக்காரரே வேற்றூரார். கதை தெரிந்திருந்தாலும் அதைக் கேட்கப் போகும் தாங்கள் ஒரே சபை என்பது அவர்களுக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும். சனம் சேரும்வரை நேரம் ஓட்டுவது என்றே வைத்துக்கொண்டாலும், இப்படிப்பட்டவர்களைச் சபையாகச் சேர்ப்பது அற்ப வேலையா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் சனம் கலைந்துவிட்ட பிறகு, மிஞ்சிய கூத்தைப் பதிவு செய்பவர்கள் சண்டையையும் சபதத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு முன்பகுதியை வெட்டிவிடக் கூடாது. முன்பகுதியை வெட்டினால் அவையின் செய்தியும் போய்விடும்: தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற ஆசிரியர் முன் அரங்கேறிய செய்தி நூலுக்குள் இல்லை. அதற்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தில்தான் இருக்கிறது.