மலையடிவாரத்து வீடும் பேட்டை வீடும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு ஊர்களின் பழைய தெருக்களிலும் வீட்டின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வீதியை ஒட்டித் திண்ணை, தாழ்ந்த நிலைப்படி, நடை, உள்ளே வானம் தெரியும் தொட்டி, அதைச் சுற்றி ஆசாரம், பின்னால் அடுப்படி, கடைசியில் புறக்கடை. கொங்கு வழக்கில் இதைத் தொட்டிக்கட்டு வீடு என்பார்கள்.

பாட்டன் காலத்திலிருந்து இப்படியொரு வீட்டைக் காத்துவரும் குடும்பம், ஒழுகும் கூரையைச் சீர்செய்து, பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு கழிப்பறையும் சேர்க்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குத் திருமணமாகிவிட்டது, பெரியவருக்கு முழங்கால் வலி. கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் வீடு நாமக்கல் மலைக்கோட்டையை ஒட்டி இருந்தால் ஒரு பதில் கிடைக்கும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தால் வேறு பதில் கிடைக்கும்.

நாமக்கல்லில் இருந்து தொடங்குகிறேன், அங்கேதான் சிக்கல் ஆழம். ஊர் நடுவே நிற்கும் அந்த ஒற்றைப் பாறையின் உச்சியில் கோட்டை; இரு பக்கமும் நரசிம்மருக்கும் ரங்கநாதருக்கும் அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில்கள். இவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ஆகவே சுற்றியுள்ள வீடுகளுக்கு மாநகராட்சி மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தை 2010ல் நாடாளுமன்றம் திருத்தியது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளவு தொடங்குவது கோயில் வாசலிலிருந்தோ கோட்டைச் சுவரிலிருந்தோ இல்லை, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் விளிம்பிலிருந்து. மலையைச் சுற்றி வளர்ந்த ஊரில் இந்த வேறுபாடு ஒரு தெருவையே உள்ளே தள்ளவோ வெளியே விடவோ போதுமானது.

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதி பெற்றுக் கட்டலாம். தடைசெய்யப்பட்ட பகுதியில் புதுக் கட்டுமானம் கிடையாது, பழையதை இடித்துத் திரும்பக் கட்டுவதும் கிடையாது. பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் அந்த வீடு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பிறகு முறையான ஒப்புதலோடு எழுந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தகுதிவாய்ந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்தில் முடிவு விண்ணப்பித்தவர் கைக்கு வர வேண்டும். மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கூரையின் கைமரம் உளுத்துப்போனால் மாற்றலாம், அது பழுதுபார்ப்பு. மழையில் மண்சுவர் ஒன்று முழுதாகச் சரிந்தால்? அதை எழுப்புவது பழுதுபார்ப்பா, திரும்பக் கட்டுவதா? நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் அது எந்தக் கணக்கு? சட்டத்தின் சொற்களுக்கு நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தயங்கி நிற்கின்றன. வீடு அதுவரை காத்திருக்காது. ஓடு நழுவிய இடத்தில் ஒரு ஐப்பசி மழை இறங்கினால் போதும், சுண்ணாம்புக் காரை உதிர்ந்து மண் கரையத் தொடங்கிவிடும்.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. பொதுக் கழிப்பறையையும் சாக்கடையையும் ‘கட்டுமானம்’ என்ற சொல்லின் வரையறையிலிருந்தே அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. மக்கள் வாழும் ஊர் என்பதை அந்த அளவுக்கு உணர்ந்த சட்டம்தான் அது. ஆனால் வயதான தாய்க்காகத் தன் வீட்டின் பின்னால் ஒரு கழிப்பறை சேர்க்க விரும்புகிறவருக்கு அந்த விலக்கு இல்லை.

சேலத்தின் கதை நேர்மாறு. செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, கோட்டைப் பகுதி ஆகியவை ஊரின் பழைய உடல். சேலம் நகராட்சி 1866ல் உருவானது. 1917ல் ராஜாஜி அதன் தலைவரானார். 1994ல் அது மாநகராட்சி ஆனது. நகராட்சிக் காலத்தில் எழுந்த வீடுகளில் பலவற்றின் அறைகளில் இன்றும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இயங்குகிறது, அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடுகிறது. ஆத்தூரிலும் சங்ககிரியிலும் தொல்லியல் துறையின் கோட்டைகள் இருப்பதால் அங்குள்ள வீடுகளுக்கும் 100 மீட்டர் கணக்கு உண்டு. செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. மாநகராட்சி, பெரிய கட்டடமானால் உள்ளூர்த் திட்டக் குழுமம், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அவ்வளவுதான். 2024 ஜூலையிலிருந்து இன்னும் எளிது: 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரையும் முதல் தளமுமோ கொண்ட வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம்.

சிறிய வீடு கட்டுகிறவர்களுக்கு இது பெரிய நன்மை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வீட்டைப் பொறுத்தவரை விளைவு வேறாகிறது. தொட்டிக்கட்டு வீட்டை வைத்துக்கொண்டு விரிவாக்க வரைபடம் போடுகிறவருக்கு ஒவ்வொரு விதியும் இடிக்கும். விதி கேட்பது வீதியிலிருந்து விலகி நிற்கும் கட்டடம். இவருடைய திண்ணையோ வீதியைத் தொட்டு நிற்கிறது. பக்கவாட்டில் இடம் எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். மேலே மாடி எழுப்பினால் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். நீளமான மனையில் பின்பக்கம் நீட்டுவதுதான் இந்த வீட்டுக்கு இயல்பான வழி, அங்கே பின்புற இடைவெளி விதி குறுக்கே நிற்கும். அதே மனையை வெறும் தரையாக்கிவிட்டுப் புதுவீட்டுக்கு விண்ணப்பித்தால் வேலை சுலபம். இடிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் இடிபடப்போவது நூறாண்டு தேக்கு உத்திரமா, நேற்றுப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையா என்று பார்க்கும் கண் அந்த விண்ணப்பத்தில் இல்லை.

சென்னையில் அந்தக் கண் ஓரளவு திறந்தது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010ல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டி, பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைத்தது. அதன் அதிகாரம் சென்னைப் பெருநகரப் பகுதியோடு நின்றுவிடுகிறது. மாநிலம் முழுமைக்குமான மரபு ஆணையத்துக்குச் சட்டமன்றம் 2012லேயே சட்டம் இயற்றியும் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தப் பத்தாண்டில் சேலம் பேட்டைகளில் எத்தனை முகப்புகள் போயின என்று எண்ணக்கூட ஒரு பட்டியல் இல்லை.

ஆக, நாமக்கல்லில் வீட்டுக்காரர் கையைக் கட்டும் சட்டம் காப்பது மலையை. சேலத்தில் கையை அவிழ்த்துவிடும் விதி அளப்பது மனையின் இடைவெளியை. இரண்டிலும் வீடு கணக்கில் வரவில்லை. இருந்தாலும் இரண்டையும் சமமென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நாமக்கல் முறையில் இரண்டு நல்ல கூறுகள் உண்டு: இடித்துக் கட்டுவதைவிடப் பழுதுபார்ப்பதை உயர்த்திப் பிடிக்கிறது, பதில் சொல்ல அதிகாரிக்கு நாள் குறிக்கிறது. சேலத்துக்கு இவை இரண்டும் வேண்டும். நாமக்கல்லுக்கு வேண்டியது சிறிய வீடு கட்டுகிறவரிடம் சேலம் காட்டும் இரக்கம்: மலையின் காட்சியை மறைக்காத, புறக்கடையோடு நிற்கும் ஒரு தாழ்ந்த அறைக்கு இடம் கொடுக்கும் மனம். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதி எழுத வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்லியிருக்கிறது. 100 மீட்டர் தடையை அந்தத் துணைவிதி தளர்த்த முடியாது என்றாலும், எது பழுதுபார்ப்பு என்பதை உள்ளூர்க் கட்டடப் பொருளை வைத்து, மண்சுவர், நாட்டு ஓடு, கைமரம் என்று பெயர் சொல்லி அங்கே எழுதிவைக்கலாம்.

தலைவர்கள் வாழ்ந்த வீடுகள் தப்பித்துக்கொள்கின்றன. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும் நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் வீட்டையும் அரசு நினைவில்லமாக்கியது. நெசவாளியும் வெள்ளிக் கொல்லரும் வாழ்ந்த வீட்டை அரசு வாங்கப்போவதில்லை, வாங்கவும் வேண்டாம். குடியிருப்பவர் குடியிருந்தபடியே காப்பாற்ற வழி வேண்டும். புதுச்சேரி வைசியாள் வீதியில் வீட்டுக்காரரோடு செலவைப் பகிர்ந்துகொண்டு திண்ணையும் தாழ்வாரமும் மீட்கப்பட்டன. அந்த முயற்சி 2008ல் யுனெஸ்கோ விருது பெற்றது. அகமதாபாத் மாநகராட்சி, பட்டியலிட்ட மரபு வீட்டின் உரிமையாளர் தான் கட்டாமல் விட்ட தளப்பரப்பு உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்க வழி செய்திருக்கிறது. சேலம் மாநகராட்சியும், 2024ல் மாநகராட்சியான நாமக்கல்லும் அவ்வளவு தூரம் உடனே போகத் தேவையில்லை. வார்டு வாரியாகப் பழைய வீடுகளைப் பட்டியலிடட்டும். கட்டட விண்ணப்பத்தில் வீடு கட்டிய காலத்தைக் கேட்கட்டும். முகப்பையும் தொட்டியையும் காப்பேன் என்று எழுதிக் கொடுப்பவருக்குப் பின்புற இடைவெளியைத் தளர்த்தும்படி அரசைக் கேட்டு மாமன்றம் தீர்மானம் போடட்டும்.

அதுவரை, மலைக்கோட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, 1992க்கு முந்தைய வீட்டு வரி ரசீது ஒன்றையாவது தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வீடு அன்றைக்கே இருந்தது என்று காட்டினால்தான் கூரையைத் தொட அனுமதி கிடைக்கும்.