இசைக் கைப்பேசி: வளர்ச்சியும் மறைவும்

மனிதன் கண்ட கருவிகளுள் சில, பயன் குன்றியதால் மறைந்தன. வேறு சில, தம் பயன் எங்கும் பரவிவிட்டதால் மறைந்தன. 2000-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் கடைகளை அணிசெய்த இசைக் கைப்பேசி இரண்டாம் வகையைச் சார்ந்தது. பேசுவதற்கென அமைந்த கருவியைப் பாடல் கேட்பதற்கேற்பத் திருத்தி, பெயரிலும் விளம்பரத்திலும் இசையையே முன்னிறுத்தி விற்றனர். இன்று கைப்பேசிகள் பலவும் பாடுவதால், அப்படியொரு வகையைத் தனியே சுட்டவேண்டிய தேவை அரிதாகிவிட்டது. அதன் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பொறியியலால் தீரக்கூடிய குறைகள் பெரும்பாலும் தீர்ந்தன. மனிதப் பழக்கத்தைச் சார்ந்த குறைகளோ கருவியின் வெற்றியோடு சேர்ந்தே வளர்ந்தன.

முன்னோடிகள்

இசைத்தட்டும் வானொலியும் வீட்டின் நடுவே வீற்றிருந்த காலத்தில், ஒரு பாடல் ஒலித்தால் வீடே கேட்டது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் ஒலிநாடாப் பேழையாகிய ‘கேசட்டை’ அறிமுகம் செய்தபோது, இசை கைக்கு அடங்கும் பொருளாயிற்று. 1979-ஆம் ஆண்டு சூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் ‘வாக்மன்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அம்முதற் கருவியில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் காதில் விழும். ஒருவர் மட்டும் தனித்துக் கேட்பது பண்பாகாது என்று அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான அகியோ மொரிடா கருதியதே இதற்குக் காரணம். மக்களோ தனித்துக் கேட்பதையே விரும்பினர். பின்னர் வந்த வாக்மன்களில் அவ்வமைப்பு நிலைக்கவில்லை. கருவியை ஆக்குவோரின் எண்ணமும் அதனைப் பயன்படுத்துவோரின் பழக்கமும் வேறுபடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

கைப்பேசிக்குள் இசை புகுவதற்கு வழிவகுத்தது எம்.பி.3 என்னும் ஒலிச்சுருக்க முறை. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் இதில் முதன்மைப் பங்காற்றினர். 1995-ஆம் ஆண்டில் அப்பெயர் இடப்பட்டது. பேரொலி ஒன்று எழும்போது அதனை அடுத்துள்ள மெல்லொலியைச் செவி உணர்வதில்லை. செவி உணராததை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் பதிவதே இம்முறையின் அடிப்படை. குறுந்தட்டில் 4 நிமிடப் பாடல் ஒன்றுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் எம்.பி.3 முறையில் சுருக்கினால், அதே பாடல் 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

தொடக்க முயற்சிகள்

2000-ஆம் ஆண்டில் கொரிய நாட்டுச் சாம்சுங் நிறுவனம் ‘அப்ரோர்’ என்னும் கைப்பேசியை அமெரிக்காவில் வெளியிட்டது. அதன் நினைவகம் 64 மெகாபைட். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அதே காலத்தில் அறிமுகம் செய்த எஸ்.எல்.45 என்னும் கைப்பேசி, நினைவக அட்டையில் பாடலைத் தாங்கியது. 2001-இல் பின்லாந்தின் நோக்கியா வெளியிட்ட 5510 என்னும் கருவியில் வானொலியும் இருந்தது. பாடலுக்கு 64 மெகாபைட் இடமும் இருந்தது. மேற்கூறிய 128 கிலோபிட் அளவில் கணக்கிட்டால், இவ்விடம் பதினாறு பாடல்களுக்கே போதும். பாடலை மேலும் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆனால் தாளத்தின் கூர்மையும் வீணையின் நுண்ணிய அதிர்வும் மங்கிவிடும்.

அவ்வாண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ‘ஐபாட்’ என்னும் இசைக்கருவியை அறிமுகம் செய்தது. ஆயிரம் பாடல்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் என்பதே அதன் விளம்பரம். பதினாறு எங்கே, ஆயிரம் எங்கே! கைப்பேசி பேசவும், ஐபாட் பாடவுமாக இரண்டு கருவிகளைச் சுமப்பது பலருக்கு வழக்கமாயிற்று. இவ்விரண்டையும் ஒன்றாக்குவோர் வெல்வர் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன.

2005-ஆம் ஆண்டின் திருப்பம்

இத்துறை வரலாற்றில் 2005-ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. ஜப்பானின் சோனியும் சுவீடனின் எரிக்சனும் இணைந்து 2001-இல் தொடங்கிய சோனி எரிக்சன் நிறுவனம், வாக்மன் பெயர் தாங்கிய முதற் கைப்பேசியாகிய டபிள்யூ800-ஐ அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்தது. அதனுடன் 512 மெகாபைட் அட்டை வந்தது; நூறு பாடல்களுக்கு மேல் அதில் அடங்கும். பாடலை இயக்கத் தனிப் பொத்தான் இருந்தது. பேசும் பகுதியை அணைத்துவிட்டு இசையை மட்டும் கேட்கும் வசதியும் இருந்தது. நோக்கியாவோ, 4 கிகாபைட் வன்தட்டுப் பொருத்திய என்91 என்னும் கைப்பேசியை அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் மோட்டரோலா நிறுவனம் ஆப்பிளோடு கூடி ‘ரோக்கர்’ கைப்பேசியை வெளியிட்டது. அட்டையில் இடம் எஞ்சியிருந்தாலும் நூறு பாடல்களுக்கு மேல் ஏற்ற இயலாதவாறு அதில் தடை வைக்கப்பட்டிருந்தது. கணினியிலிருந்து பாடல்களை ஏற்றுவதற்கும் நெடுநேரம் பிடித்தது. அதே நாளில் ஆப்பிள் தன் சிறிய ‘ஐபாட் நானோ’வையும் வெளியிட்டதால், மக்கள் பார்வை ரோக்கரைவிட்டு விலகியது. அந்நூறு என்னும் வரம்பு பொறியியல் தந்த வரம்பன்று. வாணிகம் விதித்த வரம்பு என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

நலன்களும் குறைகளும்

இசைக் கைப்பேசியின் நலன்கள் வெளிப்படையானவை. ஒரே கருவி போதும். பாடல் ஒலிக்கும்போது அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், பேச்சு முடிந்ததும் தொடரும். கம்பியின்றி இசை கேட்கும் ‘புளூடூத்’ முறையும் இதன்வழிப் பரவியது. விரும்பிய பாடலை விரும்பிய நேரத்தில் கேட்கும் உரிமை, வானொலி நிலையத்திடமிருந்து கேட்பவர் கைக்கு வந்தது.

குறைகளும் பல. சோனி எரிக்சன் கைப்பேசிகளில் தனிவகை இணைப்பு இருந்தமையால், கடையில் விற்கும் பொதுவான ‘இயர்போனை’ நேரே செருக இயலவில்லை. அந்நிறுவனம் கையாண்ட நினைவக அட்டையும் தனி வகையினது. வன்தட்டு உடைய கைப்பேசி கனமாகவும், கீழே விழுந்தால் பழுதாகக்கூடியதாகவும் இருந்தது. நெடுநேரம் பாடல் கேட்டால் மின்கலம் தீர்ந்து, பேசவேண்டிய வேளையில் கருவி ஊமையாகிவிடும்.

இவற்றுட் பல விரைவில் தீர்ந்தன. 2007-ஆம் ஆண்டின் நோக்கியா 5310 ‘எக்ஸ்பிரஸ் மியூசிக்’ மெலிந்த உடலும், பொதுவான 3.5 மில்லிமீட்டர் துளையும் கொண்டிருந்தது. 2008-இன் 5800, தொடுதிரையோடும் 8 கிகாபைட் அட்டையோடும் வந்தது.

மறைவு

2007-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஐபோன் விற்பனைக்கு வந்தபின் நிலை மாறியது. திறன்பேசிகளில் இசை என்பது பல பணிகளுள் ஒன்றாயிற்று. இசைக்கெனத் தனிக் கைப்பேசி வாங்குவதற்குக் காரணம் குறைந்தது. 2012-இல் எரிக்சனின் பங்கைச் சோனியே வாங்கிக்கொண்டது. 2014-இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட் வசம் சென்றது. வென்ற ஐபாடும் தப்பவில்லை. 2022-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தீர்ந்ததாகக் கருதப்பட்ட குறை திரும்பி வந்ததும் உண்டு. 2016-இல் வெளிவந்த ஐபோன் 7-இல் பொதுவான 3.5 மில்லிமீட்டர் துளை நீக்கப்பட்டது. வேறு நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன.

எஞ்சி நின்ற குறைகள்

கருவி மறைந்தும் மறையாத குறைகள் இரண்டு. முதலாவது, பாடல் யாருக்கு உரியது என்பது. ஒலிநாடா வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம். மகனுக்கு விட்டுச் செல்லலாம். 2008 அக்டோபரில் நோக்கியா பிரிட்டனில் தொடங்கிய திட்டம் ஒன்று, கைப்பேசி வாங்குவோர் ஓராண்டுக் காலம் எத்தனை பாடல்களையும் இறக்கிக்கொள்ள இசைந்தது. ஆண்டு முடிந்த பின்னும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆயினும் அப்பாடல்கள் ஒரு கணினியோடும் ஒரு கைப்பேசியோடும் பூட்டப்பட்டிருந்தன. பின்னர் வந்த ‘ஸ்பாட்டிபை’ போன்ற சேவைகள் 2013 ஏப்ரலில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் எட்டின. அவற்றில் கோடிக்கணக்கான பாடல்கள் உள்ளன. எனினும் கேட்பவர் எதற்கும் உரிமையாளர் அல்லர். கட்டணமோ உரிம ஒப்பந்தமோ முடிந்தால் பாடலும் கைவிட்டுப் போகும். பழந்தமிழ்ப் பாடல்களைத் தேடிச் சேர்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பன்று.

இரண்டாவது, செவி. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் மிகுந்த ஒலியால் அழிந்தால் மனிதர்க்கு அவை மீண்டும் வளர்வதில்லை. வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் ஒலி கேட்பதே பெரியவர்க்கு வரம்பு என்றும், சிறுவர்க்கு அவ்வளவு நேரத்திற்கு 75 டெசிபலே வரம்பு என்றும் உலக நலவாழ்வு நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் நெறிமுறை வகுத்தன. ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். எனவே பெரியவர்க்கு 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி மட்டுமே. பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுபவர், வார வரம்பைச் சில நாளிலேயே கடந்துவிடுவார். சேதம் வலியின்றி நிகழ்வதால் அவர் அதனை அறிவதுமில்லை.

பதினாறு பாடல்கள் மட்டுமே அடங்கிய காலத்தில் இவ்விரு குறைகளும் பெரிதாகத் தோன்றவில்லை. பாடல்கள் எண்ணிறந்தவையாகி, கேட்கும் நேரம் நீண்டபோதே அவை பெருகின. ஆதலின், இவற்றுக்கு அடுத்த ஆண்டு வரும் புதிய கருவியை நம்பியிருத்தல் பயன் தராது. மேற்கண்ட டெசிபல் கணக்கை வகுப்பறைக் கரும்பலகையில் ஆசிரியர் ஒருமுறை போட்டுக் காட்டலாம். மாணவர் அதனைத் தம் கைப்பேசியின் ஒலியளவோடும், தாம் கேட்கும் நேரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டிலுள்ள அரிய பாடல்களைப் பூட்டில்லாத படியாக எடுத்துப் பேணலாம். கருவிகள் தோன்றும், மறையும். கேட்கும் செவியும் கேட்கத்தக்க பாடலும் அடுத்த தலைமுறைக்கு எஞ்சவேண்டும்.