மாட்ரிட் ஓவியத்தில் மாறிய முகம்

1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படைமீது பாய்ந்தார்கள்; பிடிபட்டவர்கள் மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலை என்றதும் ஸ்பானிய ஓவியர் கோயாவின் ஓவியம்தான் கண்முன் வரும்: வெள்ளைச் சட்டையில் கைகளை விரித்து நிற்கும் மனிதன், முகம் காட்டாத சிப்பாய் வரிசை. கண்ணால் கண்ட சாட்சியாகவே அதை நாம் எடுத்துக்கொள்கிறோம். கோயா அதை வரைந்ததோ 1814இல். பிரெஞ்சுப் படை வெளியேறிய பிறகு, புதிய அரசிடம் தானே விண்ணப்பித்து, அரசின் உதவியோடு வரைந்தார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினை ஆண்டபோது அவரிடம் விருது பெற்றவரும் இதே கோயாதான். ஆக, அந்த ஓவியத்தில் 1808ஐவிட 1814தான் அதிகம் தெரிகிறது.

கொந்தளிப்பின் நேரடித் தடயம் வேண்டுமென்றால், 1810இல் மாட்ரிட் நகர நிர்வாகத்துக்காக அவர் தீட்டிய இன்னொரு ஓவியத்தைப் பார்க்க வேண்டும். கலைநயத்தில் அது இரண்டாந்தரம்தான். மாட்ரிட் நகரமே ஒரு பெண்ணாக நின்று, வட்டப் பதக்கம் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறாள். பதக்கத்துக்குள் முதலில் இருந்தது ஜோசப்பின் முகம். 1812இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரைவிட்டு ஓடியதும் முகத்தை மறைத்து ‘அரசியல் சாசனம்’ என்று எழுதினார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் ஜோசப்பும் திரும்பினார். 1813இல் மறுபடி சாசனம். 1814இல் சாசனத்தையே ரத்து செய்த மன்னர் ஏழாம் பெர்டினாண்டு அந்த இடத்தைப் பிடித்தார். மேலும் சில மாற்றங்களுக்குப் பின் 1872இல் ‘மே 2’ என்ற தேதி வந்து நின்றது. ஓவியன் சொல்ல நினைக்காத வரலாற்றையெல்லாம் அந்தப் பூச்சுகள் சொல்கின்றன.

அப்படியானால் கோயா வெறும் சந்தர்ப்பவாதியா, 1814இன் சீற்றம் கூலிக்குக் காட்டியதா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல அவருடைய செப்புத்தகடுகள் இடம் தரவில்லை. 1810 தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள், யாரும் கேட்காமலே, போரின் கொடுமைகளை அவர் செதுக்கிவந்தார். மாட்ரிட்டின் பஞ்சம் அதில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் செய்த வதையோடு ஸ்பானியன் செய்த வதையும் இருக்கிறது. சீற்றம் உண்மைதான். ஆனால் காசு கொடுத்தவரின் கண்ணுக்குத் தக்கபடி, ஒரு தரப்பின் குற்றத்தை மட்டும் அது பெரிய திரையில் காட்டியது. தகடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடைசித் தகடுகள் பெர்டினாண்டின் ஆட்சியையும் பாதிரிமாரையும்கூட எள்ளுகின்றன. அந்த ஆட்சியில் அவற்றை யார் அச்சிடத் துணிவார்கள்? கோயா இறந்தது 1828இல். அவை நூலாக வந்தது 1863இல்.