கரும்பலகையில் 90 பெயர்கள்

1935-ல் ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு வெண்கலச் சிலை பரிசாகக் கிடைத்தது. பந்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, எதிராளியைத் தள்ளிவிட மறுகையை நீட்டியபடி ஓடும் வீரனின் சிலை. வீட்டு மாடத்தில் அது அடங்கவில்லை. அவருடைய அத்தை அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த பரிசாகப் பின்னாளில் பெயர் பெற்ற ஹைஸ்மன் கோப்பைகளில் அதுதான் முதலாவது. பெர்வாங்கர் இன்னொன்றிலும் முதல் ஆள். தொழில்முறை அணிகள் கூடி உட்கார்ந்து, கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் முதன்முதலாகச் சொல்லப்பட்ட பெயர் அவருடையது. ஆனால் அவர் ஒரு தொழில்முறை ஆட்டத்தில்கூட இறங்கவில்லை.

ஐபிஎல் ஏலம் நெருங்கும் வாரத்தில் நம் டீக்கடைகளில் நடக்கும் பேச்சு நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அந்தப் பேச்சுக்கு ஏப்ரல் மாதம். எந்தக் குவாட்டர்பேக் தேறுவான், எவனுக்கு முழங்கால் சரியில்லை, நம்ம டீம் இந்தத் தடவையாவது புத்தியோடு ஆள் எடுக்குமா என்று மாதக்கணக்கில் வாதம் நடக்கும். அங்கே அலசப்படும் பையன்கள் எவரும் இன்னும் தொழில்முறை ஆட்டம் ஆடாதவர்கள். கூடுதல் காசைக் காட்டி யாரையும் இழுக்கவும் முடியாது. போன வருடம் கடைசி இடத்தில் வந்த அணிக்கே முதல் உரிமை.

இந்த ஏற்பாடு ஒருவருக்கு வந்த ஆற்றாமையில் பிறந்தது. பிலடெல்ஃபியாவின் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளையான பெர்ட் பெல், 1933-ல் லட் ரே என்ற நண்பரோடு சேர்ந்து 2,500 டாலர் கொடுத்து ஒரு கால்பந்து உரிமத்தை வாங்கி, ஈகிள்ஸ் அணியைத் தொடங்கினார். அடுத்த வருடம் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்காவை எடுக்க ஆசைப்பட்டார். பேரம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கோஸ்ட்கா 5,000 டாலருக்கு புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். பெல்லின் அணி முழுவதும் வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்கு, ஒரே ஆளுக்கு!

1935 மே மாதம் உரிமையாளர்கள் கூடியபோது பெல் தன் யோசனையைச் சொன்னார். பணமும் பெயரும் உள்ள அணிகளுக்கே நல்ல ஆட்டக்காரர்கள் போய்க்கொண்டிருந்தால் மற்ற அணிகள் செத்துவிடும். ஆகவே கடைசி இடத்தில் உள்ளவர் முதலில் எடுக்கட்டும் என்றார். நியூயார்க், சிகாகோ போன்ற பலசாலிகளும் ஒத்துக்கொண்டார்கள். எளியவருக்குக் கைகொடுக்கும் நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓர் அணி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால் அவன் வேறெந்த அணியோடும் பேசக்கூடாது. விலை கேட்க வேறு ஆள் இல்லாத பண்டத்துக்கு என்ன விலை கிடைக்கும்? இந்தக் கேள்வி டிராஃப்ட் போன இடமெல்லாம் கூடவே போனது.

1936 பிப்ரவரி 8, பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல். கரும்பலகையில் 90 பெயர்கள். ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், ஆக 81 பேர் எடுக்கப்பட்டார்கள். கடைசி இடத்திலிருந்த பெல்லுக்கே முதல் முறை. பெர்வாங்கரை எடுத்தார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் அந்த உரிமையை சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸுக்கு மாற்றிவிட்டார். ஹாலஸோடும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் ஃபோம் ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். அன்று எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அந்த வருடம் களத்துக்கு வரவில்லை. யோசனை சொன்ன பெல்லுக்கோ, தான் எடுத்த ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

அந்த 90 பெயர்கள் பெரும்பாலும் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களிலிருந்தும் கேள்விப்பட்ட சேதிகளிலிருந்தும் வந்தவை. ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்க அணிகளிடம் அப்போது யாரும் இல்லை. முதல் டிராஃப்டின் உரிமையாளர்களும் நம்மைப்போலப் பேப்பர் படித்துத்தான் ஆட்டக்காரர்களை அறிந்துவைத்திருந்தார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் உரிமையாளரின் மகன் வெலிங்டன் மாரா அப்போது கல்லூரி மாணவர். வெளியூர்ப் பத்திரிகைகளை வரவழைத்து, குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. வரைமுறையோடு ஆள் தேடும் வேலை அந்தக் காகிதக் கட்டிலிருந்து வளர்ந்தது. 1946-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி எடி கோட்டல் என்பவரை இதற்கென்றே முழுநேரச் சம்பளத்துக்கு அமர்த்திக் கல்லூரி கல்லூரியாக அனுப்பியது.

அடுத்த திருப்பத்தில் ஓர் இந்தியர் வருகிறார். டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், 1960-ல் தொலைக்காட்சிக்காரராக குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போனபோது, அங்கே ஐபிஎம் கணினிகள் முடிவுகளைக் கணக்கிடுவதைப் பார்த்தார். ஆள் தேர்வுக்கும் இதைப் பயன்படுத்தினால் என்ன? ஐபிஎம்மின் கிளை நிறுவனத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர் சலாம் குரேஷி. அலிகாரில் படித்த புள்ளியியலாளர். கிரிக்கெட் தெரியும், அமெரிக்கக் கால்பந்து அறவே தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. பயிற்சியாளர்கள் 'வேகமானவன்', 'நல்ல பையன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நூற்றுக்கணக்கான குணங்களில் தொடங்கி, குணநலம், சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, மனக்கூர்மை, பலம் என ஐந்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று செல்பேசியில் ரசிகர்கள் எண்களை வைத்து மோதிக்கொள்ளும் வாதத்தின் தாத்தா அந்தக் கணக்குதான்.

கணினிக்கு எட்டாத ஆட்களும் இருந்தார்கள். 1934 முதல் 1945 வரை இந்த அணிகள் ஆடிய தொழில்முறை லீகில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. தடை நீங்கிய பிறகும், தெற்கு மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளைப் பல அணிகள் எட்டிப்பார்க்கவில்லை. அந்தக் கல்லூரிகளை நன்கு அறிந்தவர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் பில் நன். வருடந்தோறும் அவற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைப் பட்டியலிட்டு வெளியிடுவார். உள்ளூர் ஸ்டீலர்ஸ் அணி அந்தப் பட்டியலைக் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. அது உரிமையாளர் ரூனி குடும்பத்தின் காதுக்குப் போக, அவரையே வேலைக்கு அழைத்தார்கள். 1960-களின் கடைசியில் நன் அணிக்குள் வந்தார்.

ஜான் ஸ்டால்வொர்த் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரிப் பையன். பல அணிகளின் ஆட்கள் சேர்ந்து போய் அவனை ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். தரை ஈரம், நேரம் சுமாராக வந்தது. எல்லாரும் அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது, நன் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் அவனைத் தனியாக ஓடவைத்தார். வேகம் தெரிந்தது. 1974 டிராஃப்டில் ஸ்டீலர்ஸ் லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் ஆகியோரை எடுத்தது. நான்கு பேருமே பின்னாளில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஓர் அணி ஒரே டிராஃப்டில் இப்படி அள்ளியது வேறெப்போதும் நடந்ததில்லை.

இதற்கிடையில் டிராஃப்ட் முறை மற்ற ஆட்டங்களுக்கும் நாடுகளுக்கும் பரவிவிட்டது. கூடைப்பந்து 1947-லும், ஐஸ் ஹாக்கி 1963-லும், பேஸ்பால் 1965-லும் அதைப் பின்பற்றின. அதே 1965-ல் ஜப்பான் பேஸ்பாலும் எடுத்துக்கொண்டது. ஹாக்கிக்காரர்களுக்கு 1974-ல் இழுத்துக்கொண்டே போன தொலைபேசி டிராஃப்ட் அலுத்துவிட்டது. பஃபலோ அணியின் மேலாளர் பஞ்ச் இம்லாக், 183-வது முறையில் தாரோ சுஜிமோட்டோ என்ற ஜப்பானியரை எடுப்பதாக அறிவித்தார். லீகும் பதிவுசெய்துகொண்டது. அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது பிறகுதான் வெளியே வந்தது.

ஜப்பானில் நடந்தது அதைவிடத் தந்திரமானது. சுகுரு எகாவா என்ற பந்துவீச்சாளருக்கு யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் சேரத்தான் ஆசை. 1978-ல் அவர்மீது வேறோர் அணிக்கிருந்த உரிமை காலாவதியான நாளுக்கும் அடுத்த டிராஃப்டுக்கும் இடையே ஒரே ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தது. அந்த நாளில் ஜயன்ட்ஸ் அவரோடு கையெழுத்துப் போட்டுவிட்டது. நாடே கொந்தளித்தது. ஒப்பந்தம் செல்லாது என்றாயிற்று. டிராஃப்டில் ஹன்ஷின் அணிக்கு அவர் கிடைத்தார். ஆனாலும் சில வாரங்களில், ஜயன்ட்ஸின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் கோபயாஷியை மாற்றாகக் கொடுத்து எகாவாவை வாங்கிக்கொண்டார்கள். தூக்கிக் கொடுக்கப்பட்ட கோபயாஷி அடுத்த பருவத்தில் தன் பழைய அணியை எட்டு முறை வென்றார். ஒரு முறைகூடத் தோற்கவில்லை.

அமெரிக்காவிலோ கால்பந்து ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1960-களில் இரண்டு போட்டி லீகுகள் இருந்தவரை விலை ஏறியது. 1965-ல் ஜோ நேமத் என்ற ஆட்டக்காரருக்கு ஜெட்ஸ் அணி 4,27,000 டாலர் கொடுத்தது. 1967-ல் இரண்டு லீகுகளும் பொது டிராஃப்டுக்கு வந்ததும் அந்தப் பேரம் அடங்கிவிட்டது. அதற்கு அடுத்த வருடம் எடுக்கப்பட்டு, முதல் பருவத்திலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை இழந்த யாசூ ஸ்மித் வழக்குப் போட்டார். அன்றைய வடிவில் டிராஃப்ட் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரர் சங்கத்தோடு 1977-ல் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் உரிமையாளர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

ரசிகர் உள்ளே நுழைந்தது அந்தச் சமயத்தில்தான். புரூக்ளினில் ஒரு சின்ன அடுக்கக வீட்டில் இருந்துகொண்டு, டேப்பும் தொலைபேசியுமாக ஜோயல் புக்ஸ்பாம் நூற்றுக்கணக்கான கல்லூரி ஆட்டக்காரர்களை அலசி எழுதினார். ஒல்லியான உடம்பு, தனிக்கட்டை. கால்பந்து அணிகளின் மேலாளர்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். 2002-ல் அவர் இறந்தபோது பயிற்சியாளர் பில் பெலிசிக் துக்கத்துக்கு வந்து நின்றார். பத்திரிகையிலிருந்து உரிமையாளருக்குப் போன பேச்சு மறுபடி எழுத்துக்காரனிடம் வந்து, அங்கிருந்து திரும்பவும் அணிக்குள் போனது.

1979-ல் தொடங்கிய ஈஎஸ்பிஎன் சேனலுக்கு நாள் முழுவதும் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. டிராஃப்டை நேரலையாகக் காட்டட்டுமா என்று கேட்டார்கள். பெயர் வாசிப்பதை யார் பார்ப்பார்கள் என்று கால்பந்து லீகின் தலைவர் பீட் ரோசெல்லுக்குப் புரியவில்லை, ஆனாலும் அனுமதித்தார். 1980 ஏப்ரல் 29, ஒரு செவ்வாய்க்கிழமை அது ஒளிபரப்பானது. ஜனங்கள் பார்த்தார்கள். 2024-ல் டெட்ராயிட்டில் மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேர் நேரிலேயே வந்தார்கள்.

இவ்வளவு பேசியும் தப்பு குறைந்ததா? 1999-ல் பிலடெல்ஃபியாவிலிருந்து ரசிகர்கள் பஸ் பிடித்து, டிராஃப்ட் நடந்த நியூயார்க்குக்கு வந்தார்கள், ரிக்கி வில்லியம்ஸ்தான் வேண்டும் என்று. ஈகிள்ஸ் அணி டோனவன் மெக்நாப்பை எடுத்தது. மேடையேறிய பையனுக்குக் கூச்சலும் ஏச்சும் கிடைத்தன. அதே மெக்நாப் அந்த அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். 2000 டிராஃப்டில் டாம் பிரேடி 199-வது ஆளாகப் போனார். ஏழு பட்டங்களை வென்றவரைத் தொழில்முறை நிபுணர்கள் எத்தனையோ முறை தாண்டிப் போனார்கள். இரு தரப்பும் கோட்டைவிட்டது என்பதால்தான் விவாதம் ஓயாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தியாவுக்கும் டிராஃப்ட் வந்தது. 2008-ல் முதல் ஐபிஎல்லுக்குப் பெரிய ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். 19 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் டிராஃப்ட். டெல்லி தன் சொந்த ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். நம் தமிழ்நாடு பிரீமியர் லீகும் 2016 முதல் டிராஃப்டில்தான் ஓடியது.

ரசிகருக்கு டிராஃப்ட் ஒரு திருவிழா. தோற்ற அணிக்கு அது தரும் நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கான செலவு ஆடுகிற பையனின் சட்டைப்பையிலிருந்து போகிறது. 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஆறு வருட ஒப்பந்தம் 7.8 கோடி டாலர். புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டிய மறுவருடம், அதே முதலிடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் ஏலத்தின் பக்கம். 2023-ல் தமிழ்நாடு லீக் டிராஃப்டை விட்டு ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் கோவை அணி சாய் சுதர்சனுக்குக் கொடுத்த விலை 21.60 லட்சம் ரூபாய். அப்போது ஐபிஎல்லில் அவர் சம்பளம் 20 லட்சம்.