வண்ணக்கன் இல்லாத கடைத்தெரு: மட்டாஞ்சேரியில் பணம் பெறுதலின் வரலாறு

சங்கப் புலவர் பெயர்களுள் ‘வண்ணக்கன்’ என்னும் அடைமொழி பல இடங்களில் வருகிறது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் ஆகியோர் நினைவுக்கு வருவர். நாணயத்தைச் சோதித்து அதன் தரம் சொல்பவரே வண்ணக்கர். பிற்காலத் தமிழில் இத்தொழில் ‘நோட்டம்’ எனவும், அதைச் செய்தவர் ‘நோட்டக்காரர்’ எனவும் வழங்கப்பட்டனர். விற்பவர் முன் எக்காலத்தும் இரண்டு வினாக்கள் நின்றதை இச்சொற்கள் காட்டுகின்றன. கைக்கு வந்த பணம் நல்லதா? நல்லதல்ல எனில் இழப்பு யாருடையது? பணம் பெறும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இழப்பைச் சுமப்பவர் யார் என்று கேட்டால் அதே வரலாறு வேறு வடிவம் கொள்ளும். கொச்சியின் மட்டாஞ்சேரி அதற்கு நல்ல களம்.

1663இல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதன்பின் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியது. நடந்தே போகும் தொலைவிலிருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. இவ்வட்டாரத்தில் காலத்துக்குக் காலம் பல நாணயங்கள் புழங்கின. கொச்சி அரசின் வெள்ளிப் ‘புத்தன்’ அவற்றுள் ஒன்று. டச்சு நிறுவனத்தின் செப்புக்காசான ‘டொய்ட்’ இன்னொன்று. தமிழில் இன்றும் வழங்கும் ‘துட்டு’ இந்த டொய்ட்டின் வழிவந்த சொல்லே. பல அரசுகளின் காசு ஒரே துறைமுகத்தில் கூடும்போது நோட்டம் பார்ப்பவர் இன்றியமையாதவராகிறார். அவர் கூலி பெற்றார். அதற்கு ஈடாகத் தம் தீர்ப்பையும் பெயரையும் பணயம் வைத்தார். செல்லாக்காசு விற்பவரிடம் சேருமுன் தடுக்க ஒரு மனிதர் இருந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

தொலைவணிகத்துக்கு உண்டியல் இருந்தது. இந்திய வணிகக் குடும்பங்கள் நாடெங்கும் கையாண்ட இம்முறைக்கு 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இடம் விட்டது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் பற்றிய உள்ளூர் வழக்கங்களில் அது தலையிடவில்லை. ஆனால் உண்டியல் பெயர் அறிந்தவர்களுக்குரிய கருவி. மூட்டை மூட்டையாக மிளகு அனுப்பும் வணிகருக்கு அது பொருந்தியது. ஒரு குத்துவிளக்கு வார்ப்பவருக்கோ ஒரு துணியில் பூவேலை செய்பவருக்கோ அதில் இடமில்லை. அவர்களுக்குக் கைக்காசு உண்டு. இல்லையெனில் இடைத்தரகர் தரும் விலை உண்டு.

முகமறியா வாங்குநரிடமிருந்து சிறு தொகை பெறும் வழியைச் சிறு விற்பனையாளருக்குத் திறந்தது அஞ்சல் நிலையமே. பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையையும் 1880இல் மணியார்டரையும் தொடங்கியது. கொச்சி அரசு தனக்கெனத் தனி அஞ்சல் துறையை நடத்திவந்தது. 1892இல் சொந்த அஞ்சல்தலையும் வெளியிட்டது. இன்று தமிழில் பொதுச்சொல்லாகிவிட்ட ‘அஞ்சல்’ அங்கே அரசுத்துறையின் பெயராகவே இருந்தது. 1951இல் அத்துறை இந்திய அஞ்சலோடு இணைந்தது. தமிழ் நூல் வாசகர்களுக்கு நன்கு பழகிய வி.பி.பி.யின் நுட்பம் எளியது. பணம் தந்தால்தான் பொருள் கைமாறும்; பணத்தை வாங்கி அனுப்புவது அஞ்சல் துறையின் கடமை. வாங்குநர் மறுத்தால் விற்பவருக்கு அஞ்சல் செலவுதான் நட்டம். பணம் நல்லதா என்னும் கவலையை அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இப்பின்னணியில்தான் கியூ.ஆர். அட்டையைப் பார்க்க வேண்டும். யு.பி.ஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த பண மதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்கு வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. அட்டை தேய்க்கும் கருவிக்கு வாடகையும் விற்பனைக்குக் கழிவும் தர இயலாத கடைக்கு இது மெய்யான விடுதலை. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தை ஒட்டிய தெருவில், 2019இல் மறைந்த சாரா கோஹன் நடத்திய கைத்தையல் கடையைப் போன்ற வீட்டு முன்னறைக் கடைகளே இவ்வகை வணிகத்தின் அளவுகோல்.

தொலைவிலுள்ளோர்க்குச் சிறு தொகைக்கு விற்பது என்ன தரும் என்பதற்கு அதே எறணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் சான்று. 2018 வெள்ளத்தில் சேறுபடிந்து விற்க முடியாமற்போன கைத்தறிச் சேலைகளிலிருந்து ‘சேக்குட்டி’ பொம்மைகள் செய்யப்பட்டு இணையவழியும் விற்கப்பட்டன. ஏறத்தாழ 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் எனில் 9,000 ரூபாய்.

ஆயினும் பழைய இரண்டாம் வினா மறையவில்லை. இணைய மோசடியில் பறிக்கப்பட்ட பணம் பல கணக்குகள் வழியே கைமாறுகிறது. அச்சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் நிற்பவர் கடையில் பொருள் வாங்கினால், அப்பணத்தின் ஒரு துளி விற்பவர் கணக்கில் விழும். புகாரைத் தொடர்ந்து வேற்று மாநிலக் காவல்துறை கடிதம் எழுத, வங்கி கணக்கையே முடக்குகிறது. மர யானை ஒன்றை 300 ரூபாய்க்கு விற்றவரின் கணக்கில் 40,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். முடங்குவது 300 அன்று, 40,000. கடை வாடகையும் மரம் தந்தவருக்குரிய பாக்கியும் அதற்குள் அடக்கம். கேரளத்தில் இவ்வாறு பாதிக்கப்பட்டோர் கொச்சியிலுள்ள உயர் நீதிமன்றத்தை அணுகினர். காவல்துறை குறிப்பிடும் தொகையளவுக்கே முடக்கம் இருக்க வேண்டும் என 2023 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு இழப்பின் அளவைச் சுருக்கியது, இழப்பவரை மாற்றவில்லை. அந்த 300 ரூபாய் இன்னும் விற்பவர் தலைமேல்தான் நிற்கிறது. கள்ளக்காசைத் தட்டிப் பார்க்கலாம், கள்ளத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். கியூ.ஆர். வழி வரும் பணம் போலியன்று. அதன் கறை அதன் கடந்தகாலத்தில் இருக்கிறது. அதை அறியும் தரவு வங்கிகளிடமும் காவல்துறையிடமும் உண்டு, விற்பவரிடம் இல்லை. ஆனால் பொறுப்பு மட்டும் அவரிடம் வந்து சேர்கிறது. கட்டணமற்ற முறை என்று நாம் அழைப்பதில், வண்ணக்கருக்குத் தரப்பட்ட கூலி மட்டும் மறையவில்லை. அவர் ஏற்ற பொறுப்பும் மறைந்துவிட்டது. மின்னணுப் பணத்தின் வரலாற்றை எழுதுவோர் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையோடு நில்லாமல், முடக்கப்பட்ட கணக்குகளின் ஆவணங்களையும் சேகரிக்க வேண்டும். ‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் நேர்மையையும் சேர்த்தே குறிக்கிறது. தம் பங்கு நேர்மையைக் காத்த ஒரு விற்பனையாளர் பிறர் நேர்மையின்மைக்கு ஈடு கட்டும் நிலை, அச்சொல்லின் இரு பொருளையும் பிரித்துவிடுகிறது.