வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார்: ஒரே ஒரு மூங்கில் போதும்... வீட்டிலேயே செய்வது எப்படி? மழையில் ஷாக் அடிக்காமல் தொங்கவிடுவது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் திருச்சி மேலப்புதூர், பாலக்கரை, பொன்மலை தொடங்கி காட்டூர் வரை வீட்டு வாசல்களில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கிழக்கில் இருந்து வந்த ஞானிகளுக்கு வழிகாட்டியதாக மத்தேயு நற்செய்தி சொல்லும் நட்சத்திரத்தின் அடையாளம் இது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பல வீடுகளில் இதைக் கழற்றுவதில்லை.

கடையில் வாங்கும் அட்டை ஸ்டார் ஒரு மழையில் நனைந்தாலே தொய்ந்துவிடும். மூங்கிலில் கட்டினால் அதே கூட்டைப் பல வருடம் பயன்படுத்தலாம். வருடா வருடம் பேப்பர் மட்டும் மாற்றினால் போதும்.

என்னென்ன தேவை?

* 10 அடி மூங்கில் - 1
* சணல் அல்லது கெட்டி நூல்
* வண்ணப் பேப்பர்
* மைதா பசை (மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சியது)
* எல்இடி பல்பு, ஹோல்டர், ஒட்டுப்போடாத ஒயர்

கூடு கட்டுவது எப்படி?

மூங்கிலை 3 அடித் துண்டுகளாக வெட்டி, வளையும் அளவுக்கு மெல்லிசாகப் பிளக்க வேண்டும். 3 அடிக் குச்சிகள் 10, 7 அங்குலக் குச்சிகள் 5 தேவை. சிலாம்பு கையில் ஏறாமல் இருக்க, ஓரங்களைச் சீவிவிடுங்கள்.

ஒவ்வொரு நீளக் குச்சியிலும் இரு முனைகளில் இருந்தும் 13¾ அங்குலத்தில் பேனாவால் குறியிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஐந்து குச்சிகளைப் பேனாவை எடுக்காமல் ஸ்டார் வரைவது போல அடுக்கினால், குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாக இந்தக் குறியில் வரும். குறி மாறினால் ஸ்டார் கோணிவிடும். ஐந்து முனைகளையும், நடுவில் வெட்டும் ஐந்து இடங்களையும் இறுக்கிக் கட்டுங்கள். இதேபோல இன்னொன்று.

இப்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவில் வெட்டும் இடங்களில் 7 அங்குலக் குச்சிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினால், ஸ்டார் உப்பிக்கொண்டு நிற்கும்.

பேப்பர் ஒட்டும்போது

முன்பக்கம் 5 முக்கோணம், நடுவில் ஒரு ஐங்கோணம். பக்கவாட்டில் 10 முக்கோணம். பின்பக்கம் 5 முக்கோணம். ஆக மொத்தம் 21 துண்டுகள். பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் மூடாமல் விட்டுவிடுங்கள். பல்பு மாட்டவும், சூடு வெளியேறவும் அந்த வழி வேண்டும்.

எந்த பல்பு?

பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். அது வாங்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. பேப்பரில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தினமும் 6 மணி நேரம் என 30 நாள் எரிந்தால் 60 வாட் பல்புக்கு 10.8 யூனிட் ஆகும். 5 வாட் எல்இடிக்கு 0.9 யூனிட்தான். எல்இடியும் பேப்பரில் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும்.

மழையில் கவனம்

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். அதனால் இவற்றை மறக்க வேண்டாம்:

* மொட்டைவெளியில் கட்டாமல், சன்ஷேடுக்குக் கீழேயே தொங்கவிடுங்கள். மைதா பசை நனைந்தால் விட்டுவிடும்.
* ஸ்டாரின் எடையைக் கயிறு தாங்க வேண்டும், ஒயர் தாங்கக் கூடாது.
* ஒயரில் ஒட்டு இருந்தால் டேப் சுற்றி வெளியே விடாதீர்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் மழைத் தண்ணீரைத் தடுக்காது.
* ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயரைச் சற்றுத் தொங்கலாக விட்டு மேலேற்றினால், தண்ணீர் ஹோல்டருக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.
* பிளக் பாயிண்ட் வீட்டுக்குள் இருக்கட்டும். கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* மின்கம்பத்திலோ, மின்கம்பி போகும் மாடி ஓரத்திலோ கட்டவே கூடாது. ஈர மூங்கில் வழியாகவும் மின்சாரம் பாயும்.
* பல்பு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஜனவரியில் என்ன செய்வது?

ஸ்டாரைக் கழற்றியதும் பேப்பரை நனைத்து உரித்துவிட்டு, கூட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பரணில் போடுங்கள். பசை ஒட்டியிருந்தால் பூச்சி அரிக்கும். அடுத்த டிசம்பரில் நூல் தளர்ந்த இடங்களை மட்டும் இறுக்கிக் கட்டினால், பேப்பரும் பசையும்தான் செலவு.